தேசிங்குக்கு அங்கி தைப்பவர்களுக்கு

செஞ்சிப் பக்கத்தில் மாறுவேடப் போட்டி என்றால் தேசிங்கு ராஜன் வேடம் வராமல் போகாது. தினமும் அந்தக் கோட்டையைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு வேறு யாராகத் தோன்றப்போகிறது? மேடையேறும் தேசிங்குகள் பெரும்பாலும் உடுத்தியிருப்பது வாடகைக் கடையின் சாட்டின் உடை. அரக்குச் சிவப்பு, தங்க லேஸ், மார்பில் வரிசையாகப் பட்டன், உள்ளே வியர்வையில் ஊறிய குழந்தை. சினிமாவும் நாடகமும் சேர்ந்து நம் மனத்தில் பதித்துவிட்ட ராஜா உடை அது. உண்மையில் தேசிங்கு காலத்துப் படைத்தலைவர்கள் உடுத்தியது அதைவிட எளிமையானது. அதை வீட்டிலேயே தைக்கலாம். அதற்குள் இருக்கும் யோசனையைத் தெரிந்துகொண்டு தைத்தால், ஊசியைக் கீழே வைக்க மனம் வராது.

தேசிங்கு என்று நாம் அழைக்கும் தேஜ் சிங் புந்தேல ராஜபுத்திரர். 1698-இல் மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் மராட்டியரிடமிருந்து செஞ்சியைப் பிடித்தார். அதன்பின் கோட்டைத் தலைவராக அமர்ந்தவர் தேசிங்கின் தந்தை சொரூப் சிங். தந்தை இறந்ததும் மகன் பொறுப்பேற்றார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்ட பாக்கியைக் கொடுக்க மறுத்தார். 1714 அக்டோபரில் போர்க்களத்தில் மாண்டார். அப்போது இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். அவர் ஆண்டது சில மாதங்கள். பாட்டிலும் கூத்திலும் முந்நூறு ஆண்டுகளாக ஆண்டுகொண்டிருக்கிறார்.

அந்தக் காலத்து ராஜபுத்திர, மொகலாயப் படைத்தலைவர்களின் உடைக்கு ஜாமா என்று பெயர். இடுப்புவரை உடம்போடு படியும் மேல்பாகம். அதற்குக் கீழே முழங்காலைத் தாண்டி விரியும் பாவாடை போன்ற கீழ்ப்பாகம். கையைவிட நீளமாக வெட்டி மணிக்கட்டில் சுருக்கங்களாக ஏற்றிவிட்ட கை. பட்டனே கிடையாது. ஒரு பக்க மார்த்துண்டு மற்றதன் மேல் ஏறி, அக்குளுக்குக் கீழே நாடாவால் முடியப்படும். காலில் இறுக்கமான பைஜாமா, இடுப்பில் கச்சை, தலையில் பாகை. தேசிங்குக்கு ஒரு தலைமுறை பிந்தைய புதுச்சேரி துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் ஓவியத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த நீண்ட அங்கியும் தலைப்பாகையும் புதிதாக இருக்காது.

அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகத்தில் பழைய ஜாமாக்களும் அங்கர்க்கா என்னும் அங்கிகளும் பாதுகாக்கப்படுகின்றன. அந்தச் சேகரிப்பைப் பற்றிக் கலை வரலாற்றாளர் பி.என். கோஸ்வாமி எழுதிய பெரிய நூலில், உடைகள் எப்படி வெட்டப்பட்டன என்பதற்குக் கோட்டுப் படங்களும் உண்டு. தையல் தெரிந்தவர்கள் அப்படிப்பட்ட ஒரு படத்தைப் பார்த்தால் சற்றுத் திகைப்பார்கள். நாம் ரவிக்கைக்கும் சட்டைக்கும் போடுகிற வளைவுகள் அதில் மிகக் குறைவு. கழுத்தை விட்டுவிட்டால் பெரும்பாலும் நேர்கோடுகள்தான். செவ்வகம், ஒரு பக்கம் சரிந்த நாற்கரம், நீள முக்கோணம், ஒரு சிறு சதுரம். இவ்வளவையும் சேர்த்தால் ஓர் ஆள் நிற்கிறார்.

இதற்கு முதல் காரணம் தறி. ஜான் கே என்ற ஆங்கிலேயர், தறியில் ஊடை நூலைக் கொண்டுபோகும் பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றது 1733-இல். அதற்கு முன் பெரும்பாலும் நெசவாளி ஒரு கையால் நாடாவை எறிந்து மறு கையால் பிடித்தார். ஆகவே துணியின் அகலத்தைத் தீர்மானித்தது அவருடைய கை எட்டும் தூரம். அகலமான பாவாடை வேண்டுமென்றால் பல துண்டுகளை ஒட்டியே ஆகவேண்டும். துணி விலை உயர்ந்தது. நூற்றதும் நெய்ததும் கையால். வளைத்து வெட்டினால் வளைவுக்கு வெளியே விழுவது வீண். நேராக வெட்டினால் ஒரு துண்டின் விளிம்பே அடுத்த துண்டின் விளிம்பு. முக்கோணங்களைத் தலைமாற்றி அடுக்கினால் ஒரு செவ்வகம் மிச்சமில்லாமல் தீர்ந்துவிடும். உள்பாவாடைக்கு ஆறு பீஸ் வெட்டுகிறவர்கள் இன்றும் செய்வது இதைத்தான்.

அக்பர் காலத்து அயினி அக்பரியில், ஜாமாவுக்கு நெருங்கிய உறவான ஓர் அங்கிக்கு ஆன துணிக்கணக்கு இருக்கிறது. 7 கஜம் 7 கிரா. விளிம்புப் பட்டிக்கு மேலும் 5 கிரா. ஒரு கஜத்துக்கு 16 கிரா. அந்தக் காலத்துக் கஜம் நம் மீட்டரில் 80 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் என்பதால், மொத்தம் 6 மீட்டரைத் தாண்டும். தையல் கூலி, அலங்காரத் தையல் இல்லாமல், 1 முதல் 3 ரூபாய். ஓர் அரண்மனை ஆவணம் தையற்காரரின் கூலியை இவ்வளவு துல்லியமாக எழுதி வைத்திருப்பது எனக்கு நிறைவாக இருக்கிறது.

இப்போது அந்தச் சிறு சதுரத்துக்கு வருவோம். இந்த உடையிலேயே நான் அதிகம் மதிக்கும் துண்டு அதுதான்.

கையை நேராக நீட்டி நில்லுங்கள். உடம்பும் கையும் சேர்ந்து ஒரு டி வடிவம். இரண்டு செவ்வகங்களை அப்படியே இணைத்தால் ஒரு சட்டை கிடைத்துவிடும். ஆனால் அக்குளில் கையும் உடம்பும் சந்திக்கும் இடம் ஒரே புள்ளி. கையைத் தூக்கினால் இடுப்பிலிருந்து முழங்கைவரை உள்ள தூரம் நீள்கிறது, துணி நீளவில்லை. இழுவிசை முழுவதும் அந்த ஒற்றைப் புள்ளியில் வந்து குவிகிறது. ஒன்று சட்டை முழுவதும் மேலே ஏறும், அல்லது அக்குளில் கிழியும். குதிரைமேல் வாளைத் தலைக்கு மேல் தூக்குகிறவருக்கு இரண்டுமே ஆகாது.

பழைய தையற்காரர் அங்கே ஒரு சதுரத் துண்டை மூலைவாட்டில் வைத்தார். ஒரு மூலை கைத் தையலில் முடியும், எதிர்மூலை விலாத் தையலில் முடியும், மற்ற இரண்டும் முன்னும் பின்னும் போகும். இதனால் இரண்டு நன்மைகள் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. முதலாவது நீளம். 12 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர்; அக்குள் நீள வேண்டிய அதே கோட்டில் அந்த 17 சென்டிமீட்டரும் வந்து சேர்கிறது. இரண்டாவது இன்னும் அழகானது. அதற்கு ஒரு கைக்குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

கைக்குட்டையின் இரு எதிர் ஓரங்களைப் பிடித்து இழுங்கள். நீளாது. பாவு நூலோ ஊடை நூலோ நேராக நின்று உங்கள் கையைத் தடுக்கிறது. இப்போது எதிர்மூலைகளைப் பிடித்து இழுங்கள். நன்றாக நீளும், நடுவில் ஒடுங்கும். பருத்தி நூல் நீண்டுவிடவில்லை. பாவும் ஊடையும் சேர்ந்து கட்டிய நுண்ணிய சதுரக் கட்டங்கள் சரிந்து சாய்சதுரங்களாகின்றன. நூலின் நீளம் மாறாமலே துணியின் நீளம் மாறுகிறது. டெய்லர்கள் கிராஸ் என்று சொல்வது இந்தத் திசையைத்தான். அக்குள் சதுரத்தின் கிராஸ் திசை இடுப்பிலிருந்து முழங்கைக்குப் போகும் கோட்டிலேயே விழுகிறது. தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் திசையில், ரப்பர் இல்லாத ஒரு ரப்பர்.

தைக்கும்போது கவனம் தேவைப்படுவதும் இங்கேதான். சதுரத்தின் நான்கு பக்கங்களையும் ஒரே ஓட்டமாகத் தைத்துக்கொண்டு திரும்பக் கூடாது. ஒவ்வொரு பக்கத்தையும் தனித் தையலாகத் தொடங்கி, மூலைக்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே நிறுத்தி முடிச்சிடுங்கள். அந்த ஒரு சென்டிமீட்டர் உள்தையல் துணி தையலில் மாட்டாமல் தளர்வாக இருந்தால்தான் மூலை படியும். மாட்டிக்கொண்டால் வெளிப்பக்கம் ஒரு சுருக்கம் விழும். எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் போகாது.

கீழ்ப்பாகத்திலும் இதே கிராஸ் விதி வேறு முகத்தோடு வருகிறது. முக்கோணத் துண்டின் ஒரு பக்கம் நேர்நூல், மறுபக்கம் சரிந்த வெட்டு. சரிந்த இரண்டு விளிம்புகளைச் சேர்த்துத் தைத்தால் சில நாளில் அந்தத் தையல் தொங்கி, கீழ் ஓரம் அலை அலையாகிவிடும். ஆகவே ஒரு துண்டின் சரிந்த விளிம்பை அடுத்த துண்டின் நேர் விளிம்போடு இணைப்பார்கள். நீள விரும்பும் துணியை நீளாத துணி தாங்கிப் பிடிக்கும். துணியின் கரை கிடைக்கும் இடங்களில் கரையோடு கரை இணைத்தால் பிசிறு தட்டும் வேலையும் மிச்சம். 58 அங்குல அகலத் துணி வாங்கி இந்த இணைப்புகளையெல்லாம் ஒழித்துவிட வேண்டாம் என்பது என் கருத்து. கீழ்ப்பாகத்துக்கு அந்த மணி போன்ற விழுகையைத் தருவது இணைப்புகள்தான். 36 அங்குல மல் துணியோ காடாவோ போதும்.

காலுக்கான பைஜாமாவுக்கு வந்தால், தையற்காரர்களின் வடிவியல் அறிவு உச்சத்தைத் தொடுகிறது. கெண்டைக்காலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். முழங்காலை மடக்கிக் குதிரைமேல் உட்காரவும் விட வேண்டும். இதற்குக் கால் முழுவதுமே கிராஸில் வெட்டப்பட வேண்டும். துணியை அப்படியே விரித்துச் சாய்வாக வெட்டினால் நான்கு மூலைகளிலும் பெரிய முக்கோணங்கள் வீணாகும். நம் பக்கத்துப் பழைய டெய்லர்களில் சிலருக்கு இன்றும் தெரிந்த வழி வேறு. வெட்டுவதற்கு முன்பே தைத்துவிடுவார்கள்.

நீளத் துணியின் ஒரு முனையை எடுத்து, அதன் குட்டை ஓரம் நீள ஓரத்தின் மேல் வந்து படியும்படி மூலைவாட்டில் மடியுங்கள். இரண்டையும் சேர்த்துத் தைத்தபடி, துணியைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டு, ஒரு நீள ஓரத்தை மற்ற நீள ஓரத்தோடு இணைத்துக்கொண்டே போங்கள். கடைசியில் கையில் இருப்பது ஒரு நீள உறை. தையல் அதைச் சுற்றிப் படிக்கட்டாக ஏறியிருக்கும். 36 அங்குலத் துணியில் இந்த உறையின் அகலம் ஏறத்தாழ 25 அங்குலம் வரும். உறை இரண்டு அடுக்காக இருப்பதால் நீளமும் குறைந்திருக்கும். துணியில் ஓர் அங்குலம்கூடப் போகவில்லை. ஆனால் உறையைத் தரையில் பரப்பிப் பார்த்தால் நூல்கள் எல்லாம் சரியாக 45 பாகையில் சாய்ந்திருக்கும். இனி அதன்மேல் இரண்டு கால்களையும் தலைமாற்றி வரைந்து வெட்டிக்கொள்ளலாம். ஒரு செவ்வகத்தின் ஓரங்களை மட்டும் தைத்து, அதன் நூல் திசையையே திருப்பிவிடும் இந்த வித்தையைக் கண்டுபிடித்தவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. 1920-களில் பாரிசின் மாதலின் வியோனே கிராஸ் வெட்டில் தைத்த கவுன்களால் உலகப் புகழ் பெற்றார். அந்தப் புகழ் அவருக்கு உரியதுதான். நம் ஊர் உறை வெட்டுக்கும் அந்த வரிசையில் ஓர் இடம் உண்டு என்று உரக்கச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இனி வெயில். செஞ்சியின் சித்திரை வெயிலில் ராஜகிரி மலைப் பாறைகள் கொதிக்கும்போது, ஆறு மீட்டர் துணியை உடம்பில் சுற்றிக்கொண்டு ஒருவர் எப்படி இருந்திருப்பார்? முதலில் எடை. மெல்லிய மல் துணி சதுர மீட்டருக்கு 60 கிராம் அளவில் இருக்கும். 6 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்தால் உடை முழுவதும் சுமார் 325 கிராம். அடுத்து ஈரம். பருத்தி இழை செல்லுலோசால் ஆனது. சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 7, 8 சதவீதம் நீரைப் பிடித்து வைக்கும். வாடகை உடையின் பாலியெஸ்டர் சாட்டினுக்கு இந்த அளவு அரை சதவீதம்கூட இல்லை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடம்பிலிருந்து ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. வியர்வை சொட்டித் தரையில் விழுந்தால் அந்தக் குளிர்ச்சி நமக்கில்லை. மெல்லிய பருத்தி அதை உறிஞ்சிப் பரப்பளவில் விரித்து, ஆவியாக நேரம் தருகிறது. தடித்த பருத்தி நனைந்தால் கனத்து ஒட்டிக்கொள்ளும் என்பதும் உண்மையே. அதனால்தான் மல்.

மூன்றாவது, அங்கியின் தளர்ச்சி. 1980-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு, பாலைவனப் பெடோயின் மக்கள் கொளுத்தும் வெயிலில் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று கேட்டது. கறுப்புத் துணி வெள்ளையைவிட அதிகம் சூடேறியது. ஆனால் தளர்ந்த அங்கிக்குள் காற்று ஓடிக்கொண்டிருந்ததால், உடம்பைச் சேர்ந்த வெப்பம் இரண்டு நிறத்திலும் ஒன்றாகவே இருந்தது. விரிந்த கீழ்ப்பாகம் உள்ள ஜாமாவிலும் ஒவ்வொரு அடிக்கும் கீழிருந்து காற்று உள்ளே வந்து போகும். ஆண்டு விழா மேடையின் விளக்குச் சூட்டில் நிற்கும் பிள்ளைக்கு இதைவிட நல்லது செய்ய முடியாது.

போர்க்களத்துக்கு மல் போதாது. அங்கே பல அடுக்குத் துணியைப் பஞ்சு வைத்து நெருக்கமாகத் தைத்த மெத்தைக் கவசம் இந்தியப் படைகளில் பரவலாக இருந்தது. துணி அம்பைத் தடுக்குமா என்று சந்தேகம் வரும். மெக்சிகோவுக்குப் போன ஸ்பானியர்கள் அங்கத்திய மக்களின் பருத்திக் கவசத்தைப் பார்த்து, தங்கள் இரும்பைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டதுண்டு. அமெரிக்கப் பேராசிரியர் கிரெகரி ஆல்ட்ரெட் பண்டைய கிரேக்கரின் லினன் கவசத்தை மறுபடி செய்து, அதன்மேல் உண்மையாகவே அம்பு எய்து சோதித்தார். அது நன்றாகவே தாக்குப்பிடித்தது. அம்பு முனை ஒவ்வொரு அடுக்கிலும் நூல்களை அறுத்தாக வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் அடியின் வேகத்தைப் பக்கவாட்டில் பங்கிட்டுக்கொள்கிறது. குறுக்கும் நெடுக்குமான தையல், நூல்கள் ஒதுங்கி வழிவிடாமல் பார்த்துக்கொள்கிறது. வேடத்துக்கு அவ்வளவு தேவையில்லை. பழைய நூல் சேலையை நான்காக மடித்து, இரண்டு விரல் இடைவெளியில் கட்டம் கட்டமாகத் தைத்தால் பார்வைக்குக் கவசமாகிவிடும்.

தையல் எது என்று கேட்டால், முடிந்தவரை கைத்தையல்தான். பூட்டுத்தையல் மெஷினுக்கு எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்றதே 1846-இல். காலத்தோடு பொருந்துவது மட்டும் காரணமல்ல. மல் போன்ற மெல்லிய துணியில் மெஷினின் மேல்நூலும் கீழ்நூலும் இறுகி இழுத்து, தையல் வரிசை சுருங்கிவிடும். இழுவிசை இல்லாத இடங்களில் ஓட்டுத்தையல் போதும். அக்குள் சதுரத்துக்கும் இடுப்புக்கும் பின்தையல் போடுங்கள். ஒவ்வொரு தையலும் பாதி தூரம் பின்னால் போய்த் திரும்புவதால், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வராது. நூலை ஒருமுறை தேன்மெழுகில் இழுத்துக்கொண்டால் முறுக்கு விழாது. துணிக்குள் போய்வரும் உராய்விலும் தேயாது.

கச்சைக்குத்தான் நிறம் வேண்டும். சோழமண்டலக் கரையின் எழுத்துத்துணிகள் அந்தக் காலத்தில் உலகம் தேடிய சரக்கு. பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1734 வாக்கில் புதுச்சேரியில் ஒரு துணி சாயமேறுவதைக் கூடவே இருந்து பார்த்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வெட்டியெடுத்துத் தன் குறிப்போடு ஒட்டி வைத்தார். அந்தக் கையேடு பாரிசில் இன்றும் இருக்கிறது. தேசிங்கு இறந்து இருபதே ஆண்டுகள்; செஞ்சிக்கு எழுபது கிலோமீட்டர் தொலைவு. நம் சாயக்காரர்களின் வேதியியலுக்கு இதைவிட நெருக்கமான சாட்சி கிடைப்பது அரிது.

அந்தத் துணிகளின் சிவப்பு, சாயவேர் என்னும் இம்பூறல் செடியின் வேரிலிருந்து வந்தது. வேரைக் காய்ச்சிய நீரில் வெறும் பருத்தியைப் போட்டால் சாயம் துவைக்கத் துவைக்கப் போய்விடும். செல்லுலோசுக்கு அந்தச் சாயத்தின்மேல் பிடிப்பு இல்லை. அதனால் முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்தார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் நூலில் ஏறும். பாலின் கொழுப்பு, பிறகு எழுதும் கோடு பரவாமல் தடுக்கும். அதன்மேல் படிகாரம். படிகாரத்தில் உள்ள அலுமினியத்தைத் துவர்ப்பு பிடித்துக்கொள்கிறது, அலுமினியத்தைச் சாயம் பிடித்துக்கொள்கிறது. படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். வீட்டில் செய்ய நாட்டு மருந்துக் கடையிலேயே கடுக்காயும் படிகாரமும் கிடைக்கும். சாயவேருக்குப் பதில் மஞ்சிட்டி. அதுவும் அதே வேதிக் குடும்பம்தான். இரும்புச் சட்டியில் மட்டும் காய்ச்சாதீர்கள். இரும்பு கலந்தால் சிவப்பு கருத்துவிடும். சாயக்காரர்கள் கறுப்புக் கோட்டுக்கு வேண்டுமென்றே இரும்பைச் சேர்த்ததும் இதனால்தான்.

கடைசியாக ஒன்று, மார்த்துண்டை வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்யவேண்டியது. அக்குள் நாடாவை இந்துக்கள் இடப்பக்கமும் முஸ்லிம்கள் வலப்பக்கமும் முடிவது அந்தக் காலத்து வழக்கம். ஓவியங்களில் யார் யார் என்று அடையாளம் காண ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பதும் அந்த முடிச்சைத்தான். உங்கள் பிள்ளை தேசிங்கு என்றால் மேல்துண்டு இடப்பக்கம் போய் முடியவேண்டும். அவனோடு நிற்கும் நண்பன் மகபத்கான், கதைப்பாடலின் மோவுத்துக்காரன், வலப்பக்கம் முடிவான். இரண்டு வேடத்தையும் ஒரே வீட்டில் தைப்பதாக இருந்தால், ஒரே காகித மாதிரி போதும். ஒரு தடவை நேராக வைத்து வரையுங்கள், மறு தடவை காகிதத்தைக் கவிழ்த்துப் போட்டு வரையுங்கள்.